“ஓம் மிஸ், விளங்குது!”

கேள்வி: யாழ்ப்பாணத்தில் முகாமைத்துவ மாணவர்களுக்கு முதலாம் வருடப் பொருளியல் படிப்பிக்கிறேன். இம்முறை 280 பேர். கடைசி வரிசைகளில் இருப்பவர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. “விளங்குதா?” என்று கேட்டால் “ஓம் மிஸ்” என்று மண்டபமே சொல்கிறது. தாளைத் திருத்தும்போதுதான் தலையில் கை வைக்கிறேன். ஒப்படை கொடுத்தால் பத்துப் பேருடையது ஒரே எழுத்து. திருத்தி முடிக்க அரையாண்டே முடிந்துவிடுகிறது. இத்தனை பேரை ஒழுங்காகப் படிப்பித்து நியாயமாகப் புள்ளியிட ஒருவரால் முடியுமா, ஐயா?

பதில்: முடியும். ஆனால் 30 பேர் வகுப்பில் செய்ததையே 280 பேருக்கும் செய்ய வெளிக்கிட்டால் முடியாது. முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு தாளுக்கு 12 நிமிடம் என்று வைத்தால் 280 தாளுக்கு 56 மணித்தியாலம். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வேறு வேலை எதுவும் பாராமல் குந்தியிருந்தால் ஏழு நாள். இரண்டு ஒப்படை, ஒரு இறுதிப் பரீட்சை என்றால் மூன்று கிழமை. இவ்வளவும் செய்து மாணவரின் கையில் போய்ச் சேருவது ஓர் இலக்கம் மட்டுமே.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலாகப் பெரிய வகுப்பொன்று கிடைத்த வருடம், ஒவ்வொரு ஒப்படையிலும் சிவப்புப் பேனையால் ஓரம் முழுக்க எழுதினேன். இரவு பத்து மணிக்கு மின்வெட்டு வந்தால் லாம்பு கொளுத்தி வைத்து எழுதினேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று பெடியள் மேலே இருந்த புள்ளியைப் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவனுடைய புள்ளியைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். பின்வாங்கில் இருபதுக்கு மேற்பட்ட தாள்கள் அநாதையாகக் கிடந்தன. அன்றைக்கு வந்த கோபம் அவர்கள்மீதுதான். பிழை என்னுடையது என்று பிறகுதான் விளங்கியது.

ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988 இல் பாடசாலைப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார். சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்குப் புள்ளி மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், புள்ளி மட்டும் பெற்றவர்களைப்போலவே நின்றார்கள். புள்ளி பக்கத்தில் இருந்தால் கண் குறிப்புக்குப் போகாது. ஆகவே இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுங்கள். என்ன விளங்கியது, என்ன விளங்கவில்லை என்று அறிவது ஒன்று. அதை ஒவ்வொரு கிழமையும், புள்ளி இல்லாமல், மலிவாகச் செய்யவேண்டும். புள்ளியிடுவது வேறு. அதைக் குறைவாகவும் கவனமாகவும் செய்யவேண்டும். உங்களுடைய 56 மணித்தியாலம் வீணாவது இரண்டையும் ஒரே தாளில் செய்யப் பார்ப்பதால்தான்.

அந்த “ஓம் மிஸ்” விசயத்துக்கு வருவோம். அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உயர்தரத்துக்கு டியூட்டறியில் தகரக் கொட்டகைக்குள் இருநூறு முந்நூறு பேராக இருந்து, மைக்கில் சேர் சொல்லச் சொல்ல எழுதி, வினா வரும் மாதிரியைப் பாடமாக்கித்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். பெரிய கூட்டத்தில் வாய் திறக்காமல் இருப்பதே நல்ல மாணவனின் இலட்சணம் என்று பழகியவர்கள். போதாததற்கு நாங்களும் கேட்டுவிட்டு நிற்பதில்லை. ஆசிரியர்கள் வினாக் கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன்கூடக் காத்திருப்பதில்லை என்று மேரி பட் ரோ 1970களிலேயே அளந்து காட்டினார். மூன்று செக்கனாவது பொறுத்தால் விடைகள் நீளுகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். ஆனால் 280 பேர் மண்டபத்தில் மூன்று செக்கன் போதாது. “விளங்குதா?” என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். அதற்கு “ஓம்” என்பதைத் தவிர மரியாதையான பதில் கிடையாது.

அதற்குப் பதிலாக எல்லாரையும் விடை சொல்ல வையுங்கள். ஹார்வர்டில் பௌதிகவியல் படிப்பித்த எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த முறை இது. தன் மாணவர்கள் கணக்கைச் செய்கிறார்கள், ஆனால் அடிப்படை எண்ணக்கரு பிடிபடவில்லை என்று கண்டபின்தான் அவர் இதற்கு வந்தார். உங்கள் பாடத்திலிருந்தே ஒரு வினா தருகிறேன்:

கொடிகாமத்தில் இம்முறை முருங்கை அமோகமாகக் காய்த்தது. விலை கிலோ 400 ரூபாவிலிருந்து 200 ரூபாவுக்கு இறங்கியது. சனம் கூட வாங்கியது. நடந்தது என்ன? அ) கேள்வி (டிமாண்ட்) அதிகரித்தது, கேள்வி வளையி வலப்பக்கம் நகர்ந்தது. ஆ) நிரம்பல் (சப்ளை) வளையி வலப்பக்கம் நகர்ந்தது, கேள்வி வளையி அசையவில்லை. இ) இரண்டு வளையிகளும் வலப்பக்கம் நகர்ந்தன. ஈ) விலை இறங்கியதால் விற்பவர்கள் பின்வாங்கினார்கள், நிரம்பல் வளையி இடப்பக்கம் நகர்ந்தது.

சரியான விடை ஆ. ஆனால் மற்ற மூன்றையும் நான் சும்மா போடவில்லை. ஒவ்வொன்றும் பிள்ளைகள் தாளில் எழுதும் பிழை. விலை இறங்கியதால் கூட வாங்குவது அதே கேள்வி வளையியில் கீழே இறங்குவதுதான், வளையி நகர்வதல்ல. ‘கூட வாங்கினால் கேள்வி கூடிவிட்டது’ என்று நினைப்பவர் அ அல்லது இ சொல்வார். விலைக்கும் நிரம்பலுக்கும் உள்ள தொடர்பை வளையி நகர்வோடு குழப்புபவர் ஈ சொல்வார். (டிமாண்டுக்கு நாங்கள் ‘கேள்வி’ என்ற சொல்லை வைத்திருப்பது, வகுப்பில் கேள்வியே கேட்காத பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம்தான்.)

வினாவைத் திரையில் போடுங்கள். ஒரு நிமிடம் எல்லாரும் தனியே யோசிக்கட்டும், கதைக்க விடாதீர்கள். பிறகு நீங்கள் மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் விரல் காட்டவேண்டும்: ஒன்று அ, இரண்டு ஆ என்று நான்கு வரை. கையை உயர்த்தாமல் நெஞ்சோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர் பார்த்து எழுத முடியாது. போன் செயலி தேவையில்லை. டேட்டா முடிந்தவர், சார்ஜ் இல்லாதவர் என்று பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். ஏறத்தாழ 30 வீதத்துக்குக் குறைவானவர்களே சரி என்றால் விடயத்தைத் திரும்ப விளங்கப்படுத்துங்கள். 70 வீதத்துக்கு மேல் சரி என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். இடையில் நின்றால்தான் ருசி. “உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரைப் பக்கத்தில் தேடி, உங்கள் விடைதான் சரியென்று ஒப்புக்கொள்ள வையுங்கள்” என்று இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். மண்டபம் சந்தைபோல இரையும். பயப்படாதீர்கள். திரும்பவும் விரல் காட்டச் சொன்னால் பெரும்பாலும் சரியான பக்கம் சாய்ந்திருக்கும். எல்லாம் சேர்த்து எட்டு நிமிடம். இரண்டு மணித்தியால விரிவுரையில் இப்படி இரண்டு மூன்று வினா போதும்.

அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் தமிழில் கதைக்க விடுங்கள். பாடம் ஆங்கில மொழிமூலம் என்றாலும், அது வினாத்தாளுக்கும் விடைத்தாளுக்கும்தான். உயர்தரம்வரை தமிழில் ‘நிரம்பல்’ என்று படித்த பிள்ளை, ‘சப்ளை’ என்று ஆங்கிலத்தில் யோசிக்க ஒரு வருடமாவது எடுக்கும். சிந்தனை தமிழில் நடந்து விடை ஆங்கிலத்தில் வரட்டும். உங்கள் வகுப்பில் சிங்கள மாணவர்களும் இருந்தால் அவர்களைக் கலந்து இருத்துங்கள். அங்கே அரைகுறை ஆங்கிலம் தன்பாட்டில் புழங்கத் தொடங்கும், அது எங்கள் ஆங்கிலப் பாடங்களைவிட நல்ல பயிற்சி.

இதெல்லாம் நேரத்தை விழுங்காதா என்று கேட்பீர்கள். விழுங்கும். பாடத்திட்டத்தில் ஒரு பகுதியை வாசிப்புக்கு விடவேண்டி வரும். ஒரு திறமைப் புள்ளிக்கு (கிரெடிட்) 50 மணித்தியாலக் கற்றல் என்றுதான் இலங்கைத் தகைமைச் சட்டகமே சொல்கிறது. அதில் விரிவுரை 15 மணித்தியாலந்தான், மிச்சம் அவர்களுடையது. விஞ்ஞானம், பொறியியல், கணிதம் சார்ந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வந்த பகுப்பாய்வொன்றில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் 33.8 வீதமானோர் தவறினார்கள். மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளில் அது 21.8 வீதம். உங்களுடைய பாடம் வேறு. ஆனாலும் பொருளியலுக்கு இது பொருந்தாமல் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

விரிவுரை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏ4 தாளை நாலாகக் கிழித்துக் கொடுங்கள். “இன்று எது குழப்பமாக இருந்தது?” ஒரே ஒரு வசனம், பெயர் வேண்டாம். 280 ஐயும் வாசிக்காதீர்கள். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு மூன்றாக முப்பது துண்டு எடுத்தால் போதும், பத்து நிமிட வேலை. அடுத்த கிழமை “போன கிழமை கனபேர் இதைக் கேட்டிருந்தீர்கள்” என்று தொடங்குங்கள். மூன்றாம் கிழமையிலிருந்து எழுதுகிற தரமே மாறும். இதையே வரவுப் பதிவாக்கி, பரீட்சை எழுதத் தேவையான 80 வீத வரவுக் கணக்கையும் முடித்துவிடலாமே என்று ஒருவர் உங்களுக்கு ஐடியா தருவார். கேட்காதீர்கள். பெயர் கேட்ட உடனே எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிடும்.

இனி ஒப்படை. பார்த்து எழுதுவதைப் பிடிக்கப் பொலிஸ் வேலை பார்க்காமல், பார்த்து எழுதிப் பிரயோசனமில்லாத வினாவைக் கொடுங்கள். மாணவரின் சுட்டெண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து வகுப்பைப் பத்தாகப் பிரியுங்கள். 0 திருநெல்வேலிச் சந்தை, 1 சுன்னாகம், 2 மருதனார்மடம், 3 சாவகச்சேரி, 4 கொடிகாமம், 5 நெல்லியடி என்று பத்து இடம். வெளி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வளாகத்துக்குக் கிட்டிய சந்தையை மாற்றிக் கொடுக்கலாம். இரண்டு வெவ்வேறு நாள் போய் ஒரு மரக்கறியின் விலையைக் குறித்து, இரண்டு வியாபாரிகளிடம் ஏன் மாறியது என்று கேட்டு, கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதி வரவேண்டும். அந்தப் பக்கத்துக்குப் புள்ளி இல்லை. அதை வைத்துக்கொண்டு மண்டபத்தில் 20 நிமிடம், அன்றுதான் காட்டும் வினாவுக்கு அரைப் பக்கம் எழுதவேண்டும். புள்ளி அதற்குத்தான். சட்ஜிபிடியும் வட்ஸ்அப் குழுவும் அங்கே உதவிக்கு வராது. அரைப் பக்கத்தைத் திருத்த மூன்று நிமிடம். 280 பேருக்கு 14 மணித்தியாலம். 56 எங்கே, 14 எங்கே!

திருத்தும்போது தாள் தாளாகத் திருத்தாதீர்கள், வினா வினாவாகத் திருத்துங்கள். முதல் விடை நன்றாக இருந்தால் அடுத்த விடையிலும் கை தாராளமாகும், அது மனித இயல்பு. ஒரு வினா முடிந்ததும் கட்டைக் கலைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் அடியில் கிடக்கும் அதே பிள்ளை ஒவ்வொரு முறையும் உங்கள் அலுப்பில் அகப்படும். தொடங்குமுன் பத்துத் தாளைப் புள்ளியிடாமல் வாசித்து, புள்ளித்திட்டத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். திட்டத்தில் நீங்கள் நினைக்காத நல்ல விடை ஒன்று நிச்சயம் அதில் இருக்கும். உதவிக்குப் போதனாசிரியர் இருந்தால் இருவரும் ஒரே 15 தாளைத் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். 20 க்கு இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆளைக் குறை சொல்லாமல் திட்டத்தைத் தெளிவாக்குங்கள். குறிப்பை ஒவ்வொரு தாளிலும் எழுதவேண்டாம். அடிக்கடி வந்த ஐந்து பிழைகளுக்கு 1 முதல் 5 வரை இலக்கம் இட்டு, விளக்கத்தை ஒரு பக்கமாக மூடில் என்ற பாட இணையத்தளத்தில் போடுங்கள். தாளில் இலக்கத்தை மட்டும் குறியுங்கள். அதை முதலில் கொடுத்து, இரண்டு நாள் கழித்துப் புள்ளியை வெளியிடுங்கள்.

பல்தேர்வு வினா வைத்தால் திருத்தும் சுமை குறையும், வினா ஆக்கும் சுமை கூடும். ஐந்து தெரிவு இருந்தால் 40 வினாவில் எட்டுக் குருட்டுவாக்கில் சரிவரும், அதையும் கணக்கில் எடுங்கள். முடிவு வந்தபின் ஒரு சோதனை: மொத்தப் புள்ளியில் மேல் 27 வீதத்தினர் 76 பேரையும் கீழ் 27 வீதத்தினர் 76 பேரையும் எடுங்கள். ஒரு வினாவை மேலே 61 பேரும் கீழே 23 பேரும் சரியாகச் செய்திருந்தால் வித்தியாசம் 38, அதை 76 ஆல் வகுத்தால் 0.5. நல்ல வினா. 0.2 க்குக் கீழே போனால் வினாவைத் திரும்ப வாசியுங்கள். மறை எண் வந்தால், அதாவது கெட்டிக்காரர் பிழைவிட்டு மற்றவர் சரிசெய்திருந்தால், அநேகமாக உங்கள் விடைத் திறவுகோல்தான் பிழை. எனக்கு அப்படி ஒருமுறை நடந்தது. நாற்பது பேருடைய தரம் மாறியது.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரப்போகிறது. இரண்டாம் கிழமையே “மிஸ் நோட்ஸ் தாறேல்லை, எங்களைக் கொண்டே கதைப்பிக்கிறா” என்று முறைப்பாடு போகும். 2019 இல் ஹார்வர்ட் பௌதிகவியல் மாணவர்களிடம் செய்த ஆய்விலும் இதுதான் நடந்தது. தாங்களே முயன்று படித்த வகுப்பில் கூடக் கற்றார்கள், ஆனால் விரிவுரை கேட்ட வகுப்பில்தான் கூடக் கற்றதாக நினைத்தார்கள். இதை முதல் நாளே வகுப்புக்குச் சொல்லிவிடுங்கள், துறைத் தலைவரிடமும் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். மைக்கின் பட்டரியைப் பாருங்கள். முன்வரிசையில் ஒரு பிள்ளை வினாக் கேட்டால் அதை மைக்கில் திரும்பச் சொன்ன பிறகே பதில் சொல்லுங்கள், கடைசி வரிசைக்கு அது கேட்டிருக்காது. இந்த அரையாண்டில் எல்லாவற்றையும் தொடங்கவேண்டாம். விரல் காட்டுவதையும் கால் தாளையும் மட்டும் தொடங்குங்கள். சந்தை ஒப்படையை அடுத்த அரையாண்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அப்போது முருங்கையும் திரும்பக் காய்த்திருக்கும்.