ஒரே ஓட்டு, மூன்று முடிவு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அரசு, அரசாங்கம் இரண்டும் ஒன்றுதானே? செய்திகளில் மாற்றி மாற்றி எழுதுகிறார்களே?

பதில்: பேச்சுவழக்கில் ஒன்றுதான். அரசியல் பாடத்தில் அப்படி இல்லை. நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் தகுதி ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அரசு என்கிறது 1933-இல் கையெழுத்தான மான்டேவிடியோ ஒப்பந்தம். அரசாங்கம் அதில் ஓர் உறுப்பு மட்டுமே. தேர்தலில் தோற்றால் அரசாங்கம்தான் போகும். அது வாங்கிய கடனும் போட்ட ஒப்பந்தங்களும் அரசின் பேரில் அப்படியே நிற்கும். ஆளுங்கட்சியை விமர்சிப்பவருக்கு நாட்டுத் துரோகி என்று பட்டம் கட்டுபவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். அது ஆபத்தான குழப்பம்.

கேள்வி: பாதி ஓட்டுகூட வாங்காத கட்சி தனிப் பெரும்பான்மையோடு ஆட்சி அமைக்கிறதே, எப்படி?

பதில்: ஓட்டை இடமாக மாற்றும் கணக்குதான் காரணம். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மொத்தம் 5 இடங்கள், 1,00,000 ஓட்டுகள். அ கட்சிக்கு 46,000, ஆ கட்சிக்கு 30,000, இ கட்சிக்கு 24,000.

முதலில், தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவருக்கே வெற்றி என்ற முறை. ஐந்து தொகுதியிலும் ஓட்டு இதே விகிதத்தில் விழுந்தால் ஐந்தும் அ கட்சிக்கே. எதிர்த்து ஓட்டுப் போட்ட 54,000 பேருக்கு ஒரு பிரதிநிதிகூட இல்லை.

அடுத்து விகிதாசார முறை, அதாவது வாங்கிய ஓட்டின் விகிதத்துக்கு ஏற்ப இடம். இதிலும் பல வகை உண்டு. ஸ்பெயினில் உள்ள டி ஹோண்ட் முறையில் ஒவ்வொரு கட்சியின் ஓட்டையும் 1, 2, 3 என்று வரிசையாக வகுத்து, வரும் ஈவுகளில் பெரிய ஐந்தை எடுக்க வேண்டும். இங்கே அவை 46,000 (அ), 30,000 (ஆ), 24,000 (இ), 23,000 (அ), 15,333 (அ). ஆ கட்சியின் இரண்டாவது ஈவு 15,000, மயிரிழையில் தவறுகிறது. ஆக அ 3, ஆ 1, இ 1. அ கட்சிக்குப் பெரும்பான்மை.

ஜெர்மனியில் உள்ள சான்த்-லாகூ முறையில் வகுக்கும் எண்கள் 1, 3, 5. இப்போது அ கட்சியின் ஈவுகள் 46,000, 15,333, 9,200. ஆ கட்சியின் இரண்டாவது ஈவு 10,000. ஐந்தாவது இடம் அதற்குப் போகிறது. அ 2, ஆ 2, இ 1. இனி கூட்டணி இல்லாமல் யாரும் ஆள முடியாது. ஒரு ஓட்டுகூட மாறவில்லை, கவனியுங்கள்.

நியூசிலாந்தில் 1978, 1981 என அடுத்தடுத்து இரண்டு தேர்தல்களில், குறைவான ஓட்டு வாங்கிய கட்சி அதிக இடம் பிடித்து ஆட்சியில் அமர்ந்தது. மக்களிடம் மூண்ட அதிருப்தி 1993 பொதுவாக்கெடுப்பு வரை போய், 1996 தேர்தலில், தொகுதி வெற்றியையும் கட்சி வாங்கிய ஓட்டு விகிதத்தையும் சேர்த்துப் பார்க்கும் விகிதாசாரக் கலப்பு முறை வந்தது.

விகிதாசாரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இடம் பெற ஒரு கட்சி வாங்கியாக வேண்டிய குறைந்தபட்ச ஓட்டு வரம்பை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். துருக்கியில் அது 10 சதவீதமாக இருந்தபோது, 2002 தேர்தலில் இரண்டே கட்சிகள்தான் வரம்பைத் தாண்டின. சுமார் 34 சதவீத ஓட்டு வாங்கிய கட்சிக்கு 550-இல் 363 இடங்கள் கிடைத்தன. சிதறலைத் தடுக்க ஒரு வரம்பு தேவைதான். ஆனால் 10 சதவீதம் மிக அதிகம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: ஒரு கட்சி இடதுசாரியா வலதுசாரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 1789-இல் பிரெஞ்சு தேசிய சபையில் மன்னரின் அதிகாரத்தை ஆதரித்தவர்கள் தலைவருக்கு வலப்பக்கமும் எதிர்த்தவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்ததில் தொடங்கிய பிரிவு இது. இன்று ஒரே கோட்டில் எந்தக் கட்சியையும் நிறுத்த முடியாது. வரி, கூலி, பொதுச் சேவை பற்றி என்ன சொல்கிறது என்று தனியாகவும், பேச்சுரிமை, மதம், காவல்துறை அதிகாரம் பற்றி என்ன சொல்கிறது என்று தனியாகவும் பாருங்கள். முதலாவதில் இடதாக இருக்கும் கட்சி இரண்டாவதில் கடும் கட்டுப்பாட்டை விரும்பலாம். தேர்தல் அறிக்கையைவிட, அது சபையில் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டது என்பதே நம்பகமான சான்று.

கேள்வி: மூன்றில் இரண்டு பங்கு பலம் இருந்தால் எதையும் மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற முடிந்ததால் வந்த கேடு ஜெர்மனியில் நடந்தது. 1933 மார்ச்சில், நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லர் அரசாங்கத்துக்கு அந்த நாடாளுமன்றமே மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலாக, 444 ஓட்டுகளோடு கொடுத்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளே விடவில்லை. சீருடைப் படையினர் அவையைச் சூழ்ந்து நின்றார்கள். சட்டப்படி நடந்தது என்ற தோற்றம் மட்டும் மிஞ்சியது.

அதனால்தான் 1949-இல் எழுதிய அடிப்படைச் சட்டம் என்ற அரசியலமைப்பில் மனித மாண்பு, கூட்டாட்சி போன்றவற்றை எந்தப் பெரும்பான்மையாலும் தொடமுடியாதபடி 79-ஆம் பிரிவில் பூட்டு போட்டார்கள். 67-ஆம் பிரிவு இன்னொரு ஓட்டையை அடைத்தது. முன்பு ஒன்றுக்கொன்று ஒத்துவராத கட்சிகள் ஆட்சியைக் கவிழ்ப்பதற்கு மட்டும் கைகோத்தன; அடுத்து ஆள அவற்றிடம் ஆள் இல்லை. இப்போது மாற்றுப் பிரதமரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவரை இறக்க முடியும். 1972-இல் இந்த முயற்சி தோற்றது. 1982-இல் பிரதமர் ஷ்மித் இறங்கி கோல் பதவியேற்றது இந்த வழியில்தான்.