பிணவறை வாசலில் பிடித்த கை

அன்புள்ள அக்கா,

ஆறேழு ஆண்டுகளாக உங்களை வாசிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதுவதும் உங்கள் எழுத்தைப் பற்றி அல்ல, மன்னிக்கவும்.

14 மாதங்களுக்கு முன் ஓர் இரவுப் பேருந்து விபத்தில் என் தம்பி இறந்துபோனான். வயது 26. அவனோடு சேர்த்து 11 பேர். உடலை அடையாளம் காட்ட நான்தான் போனேன், அப்பாவால் முடியவில்லை. பிணவறை வாசலில் எங்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். என் முறை வரும்போது கால் மடங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூடவே வந்தார். அவர் முறை வந்தபோது நான் அவரோடு போனேன். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கிளம்பும்போது போன் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டோம்.

மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர் அந்தப் பேருந்தை ஓட்டியவரின் மனைவி என்று.

ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்கிறார்கள். வழக்கு நடக்கிறது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் தம்பியைப் பற்றி அவர் மனைவியிடம் மட்டும்தான் என்னால் பேச முடிகிறது. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் பேசுகிறோம். அம்மாவுக்குத் தெரிந்து வீட்டில் பெரிய ரகளை. "அவ புருஷன்தானே நம்ம புள்ளயக் கொண்டுபோனான். எப்படி உனக்கு அவகிட்ட பேச வாய் வருது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. துக்கத்தை விட மனமில்லாமல் பிடித்துத் தொங்குகிறேன், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்கிறார் என் கணவர்.

போன வாரம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன், தம்பி இரவுப் பயணத்தில் எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவான், டிரைவரோடு பேசிக்கொண்டே வருவான் என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இவர்கிட்டயும் பேசியிருப்பாரு இல்ல? என்ன பேசுவாரு?" என்று கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டேன். அதன்பின் அவர் அழைத்தபோது எடுக்கவில்லை.

நான் செய்வது துரோகமா? இல்லை, இது ஏதாவது நோயா?

ம.

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்து விட்டு எழுதுகிறேன். முதல் நாளே எழுதியிருந்தால் ஆறுதல் வார்த்தைகளாகக் கொட்டியிருப்பேன். அவை உங்களுக்கு வேண்டிய அளவுக்குக் கிடைத்திருக்கும்.

துரோகம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த 14 மாதங்களில் உங்களைப் பார்க்கிறவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். "அம்மா எப்படி இருக்காங்க?" "அப்பாவப் பாத்துக்கோ." "நீதான் தைரியமா இருக்கணும்." உடன்பிறந்தவரை இழந்தவர்களிடம் உலகம் பேசுவது இப்படித்தான். பெற்றோரின் துக்கத்துக்குக் காவல் நிற்கும் வேலையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்று சொல்லலாம். இழப்பு உண்மை, வலி உண்மை, ஆனால் வெளிப்படையாக அழும் உரிமையைச் சுற்றியிருப்பவர்கள் தருவதில்லை.

இப்போது அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவர் எங்கே போய் அழுவார்? பத்துக் குடும்பங்கள் அவர் கணவரைக் கொலைகாரன் என்கின்றன. அவர் வாய்விட்டு அழுதால் அது அந்தப் பத்து வீடுகளையும் அவமதிப்பதாக ஆகிவிடும். புருஷன் செத்ததற்கு அழக்கூடக் கூச வேண்டிய நிலை. உங்கள் இருவருக்கும் ஒரே விபத்தில் இழப்பு நேர்ந்தது என்பது பாதிக் காரணம்தான். அழுவதற்கு இடமில்லாத இரண்டு பேர் ஒரு வரிசையில் அடுத்தடுத்து நின்றீர்கள் என்பதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்துப் பேசுகிறீர்கள். அம்மா உடைந்துவிடுவார் என்று நீங்கள் அடக்குகிறீர்கள், நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று அப்பா அடக்குகிறார். அந்தப் பெண்ணிடம் இந்தக் கணக்கு இல்லை. விபத்துக்கு முந்தைய உங்களை அவருக்குத் தெரியாது. பழையபடி சிரிக்கிறீர்களா, தேறிவிட்டீர்களா என்று அவர் உங்களை அளந்து பார்க்க முடியாது. அவர் உங்களை முதலில் பார்த்ததே கால் மடங்கி விழப்போன கோலத்தில்தான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் அப்பா 19 நாள் ஐசியூவில் இருந்தார். இரவில் வெளியே பெஞ்சில் படுத்துக்கிடப்பேன். பக்கத்துப் பெஞ்சில் ஒருவர். உள்ளே ஏழாம் நம்பர் கட்டிலில் அவர் மகள். யாருக்கும் யார் பெயரும் தெரியாது, "ஏழாம் நம்பர் அட்டெண்டர்" என்று நர்ஸ் கூப்பிட்டால் அவர் எழுந்து ஓடுவார், "மூணாம் நம்பர்" என்றால் நான். பதினைந்தாவது இரவோ என்னவோ, அவரிடம் சொன்னேன்: "அப்பா சீக்கிரம் போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது." என் அண்ணன்களிடம் அந்த வாக்கியத்தை இன்றுவரை சொன்னதில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து தன் போர்வையின் ஒரு முனையை என் கால் மேல் இழுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். தன் மகள் பிழைக்க வேண்டும் என்று ராத்திரி பகலாகக் கிடந்த மனிதர். என் வாயிலிருந்து வந்த சொல் அவரை எப்படி அறுத்திருக்கும் என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. அப்பா இறந்த அன்று பில் கட்டவும் ஆம்புலன்ஸ் பேசவுமாகக் கழிந்தது. அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அந்தப் பெண் பிழைத்தாளா என்று எனக்குத் தெரியாது. பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது.

இதெல்லாம் உங்களுக்கு மட்டும் நேர்ந்த விசித்திரம் என்று எண்ண வேண்டாம். 1968இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஒரே மருத்துவமனையில் இரண்டு சிறுவர்கள் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். அங்கே பணியிலிருந்த சைமன் ஸ்டீபன்ஸ் என்ற இளம் பாதிரியார் அந்த இரண்டு பெற்றோரையும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தினார். தான் சொல்லக்கூடிய எதையும்விட அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த ஆறுதல் பெரிது என்பதைக் கண்டுகொண்டார். ஆறுதல் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அதை ஒப்புக்கொண்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடுத்த ஆண்டு அந்தப் பெற்றோரும் அவருமாகத் தொடங்கியதுதான் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கான 'கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ்' அமைப்பு. இன்று பல நாடுகளில் இருக்கிறது.

1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் விமானம் குண்டுவெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும் ஊரில் 11 பேரும் இறந்தார்கள். சுற்றுவட்டார வயல்களில் எல்லாம் பயணிகளின் துணிமணிகள் சிதறிக் கிடந்தன. ஊர்ப் பெண்கள் அந்தத் துணிகளை வாங்கித் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, முன்பின் பார்த்திராத குடும்பங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். தங்கள் ஊரிலேயே 11 சாவு விழுந்திருந்த நேரம் அது. வந்த குடும்பங்களைத் தங்கள் வீடுகளில் தங்க வைத்தார்கள். அந்த உறவுகளில் சில பல ஆண்டுகள் நீடித்தன. இறந்தவர்களில் 35 பேர் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழக மாணவர்கள். பின்னாளில் லாக்கர்பியிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மாணவர்கள் உதவித்தொகையில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகத் தொடங்கினார்கள். எனக்கு அந்த இஸ்திரிப் பெட்டிதான் மனதில் நிற்கிறது. யாரோ ஒரு பையனின் சட்டைக் காலரை யாரோ ஒரு அம்மா நீவிவிட்டிருக்கிறார்.

ஆனால் லாக்கர்பியில் அந்தப் பெண்கள் மேல் யாருக்கும் குற்றச்சாட்டு இல்லை, உங்கள் கதை அப்படி இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். அதற்கும் முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். 1995இல் இட்ஸாக் ஃபிராங்கெந்தால் என்ற இஸ்ரேலியர் ஒரு அமைப்பைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய 19 வயது மகனை ஹமாஸ் கடத்திக் கொன்றிருந்தது. பேரண்ட்ஸ் சர்க்கிள் என்ற அந்த அமைப்பில் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் சேர்ந்து உட்காருகிறார்கள், 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள். குடும்பத்தில் ஒருவரை அந்த மோதலில் பறிகொடுத்திருப்பதுதான் அவர்களைச் சேர்க்கிறது. அவர்களையும் சொந்த ஜனங்களே துரோகி என்று ஏசியிருக்கிறார்கள். உங்கள் அம்மாவின் கேள்வியை அங்கே எத்தனை அம்மாக்கள் கேட்டிருப்பார்கள்!

அம்மா கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அந்தக் கோபம் வேண்டும். அதுதான் அவரைக் காலையில் எழுப்பி உட்கார வைக்கிறது என்றுகூட நினைக்கிறேன். அவர் அந்தப் பெண்ணை ஏற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், இருவரையும் சந்திக்க வைக்க முயலாதீர்கள். அதே சமயம், ஓட்டுநரின் மனைவியிடம் பேசுவதும் ஓட்டுநரை மன்னிப்பதும் ஒன்றல்ல என்பதை அம்மாவிடம் ஒருமுறை நிதானமாகச் சொல்லுங்கள். வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும். அவர் ஏன் தூங்கினார், அவரை எத்தனை இரவு தொடர்ந்து ஓட்டச் சொன்னார்கள், வண்டிக்காரர்கள் யார், எல்லாம் வெளியே வர வேண்டும். அது உங்கள் தம்பிக்கும் நியாயம், அந்த மனிதருக்கும் நியாயம். உங்கள் கோபத்தை அந்தப் பெண்ணிடமிருந்து ஒளிக்கவும் வேண்டாம். அவருக்கு அது தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் அழைக்கிறார்.

ஒரே ஒரு இடத்தில் எனக்குக் கவலை. தம்பியைப் பற்றி அவரிடம் மட்டும்தான் பேச முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'மட்டும்' கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டும். உங்கள் முழு பாரத்தையும் தாங்க அவராலும் ஆகாது, அவர் தோளில் ஏற்கெனவே ஊரே ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் அம்மாவிடம் ஏதாவது ஒரு சின்ன விஷயம் கேளுங்கள். தம்பி முதலில் பேசிய வார்த்தை எது என்பது மாதிரி. அம்மாவுக்கு மட்டும் தெரிந்த ஒன்று. அவர் சொல்லாமல் எழுந்து போய்விட்டால் விடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம்.

நோயா என்று கேட்டீர்கள். 14 மாதத்தில் துக்கம் தீராமல் இருப்பது நோய் அல்ல. நீடித்த துக்கம் என்று மருத்துவம் வகைப்படுத்தும் ஒரு நிலை உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் கடந்திருக்க வேண்டும், அமெரிக்க மருத்துவர்களின் கணக்கில் பெரியவர்களுக்கு ஒரு வருடம். ஆனால் அவர்கள் காலத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஏறக்குறைய தினமும் அந்த ஏக்கத்தைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்காமல், வேலை, வீடு, உறக்கம் எல்லாம் முடங்கிப்போயிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உங்களுக்கு அப்படி இருந்தால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். கணவர் சொன்னதில் அக்கறையும் இருக்கிறது. மருத்துவரிடம் போவதற்காக அந்தப் பெண்ணை விட்டுவிட வேண்டியதில்லை, அந்தப் பெண் இருக்கிறார் என்பதற்காக மருத்துவரைத் தவிர்க்கவும் வேண்டாம்.

இந்த நட்பு எத்தனை காலம் இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு கட்டத்தில் அழைப்புகள் குறையலாம். ஒருவர் சீக்கிரம் வெளியே வருவார், மற்றவர் பின்தங்குவார், அதில் மனத்தாங்கல் வரும். வழக்கின் தீர்ப்பு வரும் நாளில் இருவரும் பேச முடியாமல் போகலாம். அப்படி நேர்ந்தாலும் பிணவறை வாசலில் பிடித்த கை பொய்யாகிவிடாது. யார் என்று தெரியாமல் பிடித்த கை அது.

என் பெஞ்சுத் தோழரிடம் நான் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம். தன் அழைப்பை நீங்கள் எடுக்காததற்கு அந்தப் பெண் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பார் என்று யோசியுங்கள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று அங்கே தனியாக உட்கார்ந்திருப்பார்.

தன் கணவர் கடைசியாகப் பேசிக்கொண்டிருந்தது யாரோடு என்று அவருக்கு இப்போது ஒரு முகம் கிடைத்திருக்கிறது. இன்று இரவு நீங்களே அழையுங்கள். தம்பி முன் சீட்டில் உட்கார்ந்து என்னென்ன பேசுவான், எதற்குச் சிரிப்பான், டிரைவர்களை எப்படிக் கூப்பிடுவான், எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் கேட்டது அதைத்தான்.

அன்புடன்,
அக்கா