மகான்களுக்கும் பயம் வந்திருக்குமா? அது தெரிந்தால் நம் மரியாதை குறையாதா?

வந்திருக்கிறது. எனக்கு மரியாதை கூடத்தான் செய்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1956 ஜனவரி 27, அமெரிக்காவின் மான்ட்காமரி நகரம். பஸ்களில் நிறபேதத்தை எதிர்த்து, கறுப்பின மக்கள் பஸ்களில் ஏறாமல் நடத்திய புறக்கணிப்பு தொடங்கி ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. அதை முன்னின்று நடத்திய கிங்குக்கு வயது 27. மனைவி கொரெட்டா, பிறந்து இரண்டு மாதங்களே ஆன மகள். நள்ளிரவு நெருங்கும் வேளையில் தொலைபேசியில் மீண்டும் ஒரு கொலை மிரட்டல். அவருக்குத் தூக்கம் போய்விட்டது. சமையலறைக்குப் போய் காபியைச் சூடாக்கினார். கோப்பை தொடப்படாமல் மேசையில் இருந்தது. கோழை என்ற பெயர் வாங்காமல் இதிலிருந்து எப்படி விலகுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் கைகளில் தாங்கியபடி, தன் பலமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று வாய்விட்டுக் கடவுளிடம் முறையிட்டார். இதை வெளியே சொன்னவரும் அவரேதான். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மூன்று நாள் கழித்து, ஜனவரி 30 இரவு, அவர் கூட்டத்துக்குப் போயிருந்தபோது வீட்டு முன்புறத்தில் குண்டு வெடித்தது. மனைவியும் குழந்தையும் உயிர் தப்பினார்கள். வாசலில் கொதித்து நின்ற ஆதரவாளர் கூட்டத்தில் ஆயுதம் வைத்திருந்தவர்களும் உண்டு. சிதைந்த முன்தாழ்வாரத்தில் நின்று, ஆயுதங்களோடு வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னார் கிங். பழிவாங்க வேண்டாம் என்றார்.

பயமே அறியாத ஒருவர் இதைச் செய்திருந்தால் நான் வியந்துவிட்டு நகர்ந்திருப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். அதனால், அந்த ஆறிப்போன காபிக் கோப்பை எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை.