வெல்டு பாக்க நல்லாருக்கு, பிடிச்சிருக்கான்னு தெரியலையே!

கேள்வி: அண்ணாச்சி, வாழைத்தார் ஏத்த மினி டிராக்டருக்கு ஒரு டிரெய்லர் நானே அடிச்சுட்டேன், கொக்கி மட்டும்தான் பாக்கி. எங்கிட்ட இருக்கது சிங்கிள் பேஸ் 140 ஆம்ப் மெஷின், கேஸ் இல்லாத பிளக்ஸ் கோர் வயர் (உள்ளுக்குள்ள மருந்து வச்ச வயர்). பிளேட்டு 10 எம்எம். பக்கத்து பட்டறைக்காரர் அந்த வயரெல்லாம் ஜன்னல் கம்பிக்குத்தான் லாயக்குங்காரு. தாங்குமா?
(களக்காடு வாசகர்)

பதில்: பட்டறைக்காரர் சொன்னதுல பாதி சரி தம்பி. வயர் ஒண்ணும் சோப்ளாங்கி இல்ல. டப்பா மேல இ71டி-ஜிஎஸ், இ71டி-11னு போட்டுருக்கும்லா, அந்த 7ங்கது சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவை தாங்கும்ங்க கணக்கு, உங்க பிளேட்ட விட ஜாஸ்தி. ஆனா ஜிஎஸ்ஸ ஒரே பாஸ்தான், அதாவது ஒரே வரிசைதான் ஓட்டணும், அது தகடு வேலைக்குள்ளது, மேல மேல அடுக்குனா வெடிப்பு விடும். 11 அடுக்கலாம், ஆனா உங்க மெஷின்ல போற மெல்லிசு வயருக்கு 10 எம்எம் பிளேட்டு கூடுதல்தான்.

கணக்கு போட்டா என்னமோ ஜோராத்தான் இருக்கும், 6 எம்எம் ஃபில்லட் (மூலையில வைக்கிற முக்கோண வெல்டு) 100 எம்எம் நீளம் வச்சா தொண்டை, அதாவது வெல்டோட குறுக்கு கனம், 4.2 எம்எம், மில்லிமீட்டர் சதுரத்துக்கு 100 நியூட்டன்னு வச்சாலும் நாலு டன்னுக்கு மேல இழுக்கும். ஆனா அதெல்லாம் இரும்பு உருகி ஒண்ணோட ஒண்ணு கலந்துருந்தாத்தான். நான் தொழில் பழகுன புதுசுல ஒரு கொக்கி வச்சேன், வெல்டு வரிவரியா அவ்வளவு அழகு, ஒரு மாசத்துல வரப்பு ஏறி இறங்கும்போது கழண்டு வந்துட்டு. எடுத்துப் பாத்தா பிளேட்டுல நான் போட்ட கிரைண்டர் கோடு அழியாம அப்பிடியே கெடக்கு! காயாத கல்லுல ஊத்துன தோசை மாதிரி மேலாப்புல உக்காந்துருக்கு, அவ்வளவுதான். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குற நேரத்துல சின்ன மெஷின்ல தடி பிளேட்டு வச்சா இதான் கதி.

அதனால டிரெய்லர் தகடு, சைடு ஆங்கிள் எல்லாம் உங்க வயர்லயே அடிங்க, ஆடிக் காத்துலயும் நிக்கும், கேஸ் விட்டு ஓட்டுற வயர்னா காத்து அந்த கேஸை அடிச்சுட்டுப் போயி வெல்டைக் கெடுத்துரும். கேஸ் இல்லாத வயருக்கு டார்ச் நெகட்டிவ்ல இருக்கணும், நெறைய பேரு மாத்தாமலே வச்சுட்டு தெறிக்கி தெறிக்கின்னு பொலம்புதாவ. டார்ச்சை தள்ளாம இழுத்துட்டு வாங்க, ஒவ்வொரு பாஸுக்கும் கசடைத் தட்டி பிரஷ் போடுங்க.

கொக்கிய மட்டும் பட்டறையில குடுத்து ஓரத்தை சாய்ச்சு அரைச்சு, காய வச்ச 7018ங்க வெல்டிங் ராடுல பிடிக்கச் சொல்லுங்க. இல்ல நானேதான் வைப்பேன்னா, அதே பிளேட்டுல ரெண்டு துண்டை டி மாதிரி ஒரு பக்கம் மட்டும் வெல்டு வச்சு, வைஸ்ல கடிச்சு, வெல்டு பிளந்து வாயத் தெறக்குற மாதிரி சம்மட்டியால மடக்குங்க. உடைஞ்ச இடத்துல கிரைண்டர் கோடோ கசடோ தெரிஞ்சா, அந்த கைய வச்சுட்டு கொக்கி பக்கம் போவாதீக. பழைய ஸ்பிரிங் பட்டைய வெட்டி வெல்டு வைக்காதீக, வெல்டு ஓரத்துல இரும்பு வெறைச்சுப் போயி சொல்லாம கொள்ளாம ஒடியும்.

அப்புறம் சங்கிலி. ரெண்டு சங்கிலி, கொக்கியில இல்ல, சேஸ்ல தனியா போல்டு போட்டு, அடியில குறுக்க மாத்தி மாட்டுங்க, கொக்கி விட்டாலும் ஏர்க்கால் ரோட்டுல குத்தாது. ரோட்டுக்குக் கொண்டு போறதுன்னா டிரெய்லருக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், அதையும் பாத்துக்கிடுங்க.

கேள்வி: ஜிஐ பைப் வெல்டு வச்ச அன்னைக்கு ராத்திரி குளிரு காய்ச்சல் வந்துட்டு. பால் குடிச்சா சரியாப் போகும்ங்காவ?
(வள்ளியூர் வாசகர்)

பதில்: அது ஜிஐ பைப்பு மேல பூசிருக்க துத்தநாகத்தோட புகை. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தானா விட்டுரும், மூச்சு முட்டுனா மட்டும் உடனே டாக்டர்ட்ட போங்க. பாலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வெல்டு வைக்கிற எடத்துல அந்த வெள்ளைப் பூச்சை கிரைண்டர்ல உரசி எடுங்க, அந்தத் தூசிக்கும் மாஸ்க் போடுங்க. வெளிய வச்சு காத்து பக்கவாட்டுல வர்ற மாதிரி நின்னுக்கிடுங்க, உங்க ஊர்ல காத்துக்கா பஞ்சம்?