பேரை மாத்தினா ஏன் பழைய பேரே திரும்ப வருது?

கேள்வி: என் லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு இன்ஸ்டால் பண்றப்போ நீளமா ஏதோ ஒரு பேரு தானா வந்து உக்காந்துருச்சு. டெர்மினல்ல சூடோ ஹோஸ்ட்நேம்னு அடிச்சு பக்கத்துல புதுப் பேரைக் குடுத்தேன், மாறிடுச்சு. ரீபூட் பண்ணா பழையபடி அதே நீளப் பேரு. மூணு தடவை பண்ணியாச்சு. ஓஎஸ்ஸையே திரும்பப் போடணுமா?

பதில்: ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க! நீங்க அடிச்ச கமாண்ட் தப்பில்ல (சூடோன்னா அட்மின் அதிகாரத்தோட ஓட்டுறது, ஹோஸ்ட்நேம்னா கம்ப்யூட்டரோட பேரு), ஆனா அது அப்போதைக்கு ஓடிட்டு இருக்குற கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) கிட்ட மட்டும்தான் பேரைச் சொல்லும், டிஸ்க்ல எங்கயும் எழுதி வைக்காது. நிரந்தரமான பேரு இருக்குறது இடிசி ஃபோல்டர்ல ஹோஸ்ட்நேம்ங்கிற ஃபைல்ல, பூட் ஆகுறப்போ சிஸ்டம் அதைத்தான் படிக்கும், அதனாலதான் பழைய பேரு திரும்பத் திரும்ப வருது. பூட்டையும் சர்வீஸ்களையும் பாத்துக்குற சிஸ்டம்டிங்கிற ப்ரோக்ராம் இருக்குற லினக்ஸ்னா (இப்போ பெரும்பாலும் அதுதான்) சூடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்னு அடிச்சு புதுப் பேரைக் குடுங்க, ஃபைல்லயும் எழுதிடும், கெர்னல்கிட்டயும் சொல்லிடும். அடிச்ச உடனே ப்ராம்ப்ட்ல (கமாண்ட் அடிக்கிற வரியோட ஆரம்பத்துல) பழைய பேரே நிக்குதேன்னு பதறாதீங்க, பாஷ் (டெர்மினல்ல நீங்க அடிக்கிற கமாண்டைப் படிக்கிற ப்ரோக்ராம்) ஆரம்பிக்கிறப்போ ஒரு தடவை படிச்ச பேரை அப்படியே வச்சுக்கும், புது டெர்மினல் திறந்தா சரியாயிடும். பேருல சின்ன எழுத்து, நம்பர், நடுவுல ஹைஃபன், இதோட நிறுத்திக்கோங்க. அண்டர்ஸ்கோர் வேண்டாம், நெட்வொர்க்ல ஹோஸ்ட்நேம் விதிப்படி அது செல்லாது. லினக்ஸ்ல 64 எழுத்து வரைக்கும் போகலாம், ஆனா அவ்ளோ நீளத்துல பேரு வச்சா தினமும் டைப் பண்ணப் போறது நீங்கதான்.

கேள்வி: பேரு மாறிடுச்சு சார், ஆனா அன்னைலேர்ந்து சூடோ போட்டாலே ‘அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்’னு திட்டுது, சில நேரம் பத்து செகண்ட் யோசிச்சிட்டுதான் பாஸ்வேர்டே கேக்குது.

பதில்: இந்த மாதிரி கேள்விதான் நமக்கு நிறைய வருது. அதே இடிசி ஃபோல்டர்ல ஹோஸ்ட்ஸ்னு இன்னொரு ஃபைல் இருக்கு, கடைசில எஸ் இருக்குறதைக் கவனிங்க, நிறைய பேரு அங்கதான் கோட்டை விடுறாங்க. டெபியன், உபுண்டு, மின்ட் இதுலெல்லாம் அந்த ஃபைல்ல 127.0.1.1னு ஒரு வரி இருக்கும், பக்கத்துல உங்க பழைய பேரு இன்னும் அப்படியே இருக்கும். ஹோஸ்ட்நேம்சிடிஎல் அதைத் தொடவே தொடாது. சூடோ தன்னோட மெஷின் பேருக்கு அட்ரஸ் தேடும், இந்த ஃபைல்ல இல்லன்னா நெட்வொர்க்ல பேருக்கு அட்ரஸ் சொல்ற டிஎன்எஸ் சர்வர் வரைக்கும் போய்க் கேக்கும், அங்கயும் உங்க கம்ப்யூட்டரை யாருக்குத் தெரியும்? பதில் வராம காத்துக் கிடக்கும், அதான் அந்தப் பத்து செகண்ட். சூடோ நானோ (டெர்மினல்லயே ஃபைலை எடிட் பண்ற ப்ரோக்ராம்) போட்டு ஃபைலைத் திறந்து அந்த வரில புதுப் பேரைப் போடுங்க, அவ்ளோதான். இது வெறும் எச்சரிக்கைதான், திட்டிக்கிட்டே இருந்தாலும் சூடோ வேலை செய்யும், அதனால எடிட் பண்றதுக்குத் தடை இல்ல. மேல இருக்குற 127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட் வரியில மட்டும் கை வைக்காதீங்க, அதை நம்பி ஓடுற ப்ரோக்ராம் ஏகப்பட்டது.

கேள்வி: வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர்ல இந்த ரெண்டையும் பண்ணிட்டேன், ரீபூட் பண்ணா எல்லாம் பழையபடி ஆயிடுது.

பதில்: கிளவுட் சர்வர் பூட் ஆகுறப்போ பேரு மாதிரி செட்டிங்கை எல்லாம் தானா போடுற கிளவுட்-இனிட்ங்கிற ப்ரோக்ராமோட வேலையா இருக்கும். இடிசி உள்ள கிளவுட் ஃபோல்டர்ல கிளவுட் டாட் சிஎஃப்ஜி ஃபைலைத் திறந்து, ப்ரிசர்வ் அண்டர்ஸ்கோர் ஹோஸ்ட்நேம்னு இருக்குற வரிய ட்ரூன்னு மாத்துங்க (இங்க அண்டர்ஸ்கோர் கண்டிப்பா வேணும், சிரிக்காதீங்க). ஹோஸ்ட்ஸ் ஃபைலும் மாறி மாறி வந்தா அந்த ஃபைலோட மேல் வரிகளைப் படிச்சுப் பாருங்க, டெம்ப்ளேட்லேர்ந்து எழுதுறோம்னு அதுவே சொல்லியிருக்கும், அப்போ அந்த டெம்ப்ளேட்டைத்தான் மாத்தணும்.

கேள்வி: பேரு மாத்தினப்புறம் குரோமியம் திறக்க மாட்டேங்குது, ப்ரொஃபைல் வேற கம்ப்யூட்டர்ல ஓடுதுன்னு சொல்லுது. எங்கிட்ட இருக்குறதே ஒரு கம்ப்யூட்டர்தான்!

பதில்: பிரவுசர் ஓடுறப்போ சிங்கிள்டன்லாக்னு ஒரு பூட்டு போட்டு வைக்கும், அதுல அப்போதைய ஹோஸ்ட்நேமும் இருக்கும். பிரவுசரை மூடாமலே பேரை மாத்தியிருப்பீங்க, இப்போ அது தன் பழைய பேரையே வேத்தாளுன்னு நெனக்குது. பின்னாடி பிரவுசர் எதுவும் ஓடலன்னு உறுதி பண்ணிக்கிட்டு, ஹோம்ல டாட் கான்ஃபிக் உள்ள குரோமியம் ஃபோல்டருக்குப் போய் அந்த ஒரே ஒரு ஃபைலை மட்டும் டெலீட் பண்ணுங்க. புக்மார்க் எதுவும் போகாது.