தொடக்கப்பள்ளியா, உயர்நிலைப்பள்ளியா: ஆசிரியர் பட்டயப் பயிற்சி

தமிழில் பட்டம் பெற்றுத் துணைப்பாட வகுப்பு நடத்தும் நீங்கள், சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தின் பட்டமேற்படிப்புப் பட்டயப் பயிற்சி 16 மாதமா, ஓராண்டா என்றும், எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். 16 மாதம் பழைய கணக்கு. 2026 முதல் அது ஓராண்டு. யோசிக்க வேண்டியது பிரிவைப் பற்றித்தான். தொடக்கப்பள்ளியில், ஆறாம் வகுப்பு வாய்மொழித் தேர்வுக்காகக் காணொளியைக் காட்டிப் பிள்ளைகளை நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசவைப்பதே பெரும்பாடு. உயர்நிலையிலோ, 2024இல் சேர்ந்த மாணவர்கள் தொடங்கி மாணவர்களைத் தரம் பிரித்த விரைவுநிலை, வழக்கநிலைப் பிரிவுகள் நீங்கி, எளிதிலிருந்து கடினம் நோக்கிச் செல்லும் ஜி1, ஜி2, ஜி3 என்ற பாடநிலைகள் வந்துவிட்டதால், எளிய பேச்சுத்தமிழ் முதல் உயர்தமிழ் வரை ஒருவரே கையாள நேரலாம். இலக்கிய நாட்டம் உள்ளவருக்கு உயர்நிலையே பொருந்தும் என்பது என் கருத்து. கல்வி அமைச்சு வேலைக்கு எடுத்த பிறகே, சம்பளத்துடன் பயிற்சிக்கு அனுப்புகிறது என்பதால், விருப்பத்தை நேர்காணலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.