காலுக்குள் 120 டிகிரி சூடு: தோல் வேகாதா?

கேள்வி: எங்களுக்குத் தங்கச்சிமடம். அப்பாவுக்கு 57 வயது, விசைப்படகுத் தொழில். இடது காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. கணுக்கால் பக்கம் தோல் கறுத்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்தில் ரேடியோ ஃப்ரீக்வென்சி சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். காலுக்குள் 120 டிகிரி சூடு வைப்பார்களாம். அப்பா ஒல்லியான ஆள், சர்க்கரையும் உண்டு. தோல் வெந்துவிடாதா?

பதில்: நியாயமான பயம்தான். 44 டிகிரி சூடே ஆறு மணி நேரம் போல ஒரே இடத்தில் பட்டால் தோல் புண்ணாகும். 60 டிகிரிக்குச் சில வினாடிகள் போதும். அப்படியிருக்க 120 டிகிரியைத் துணிந்து உள்ளே விடுகிறார்கள் என்றால், அந்தச் சூடு தோல்வரை வந்து சேராமல் நடுவில் தடுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது.

முழங்கால் பக்கம் ஊசித் துளை வழியாக, பழுதான ரத்தக்குழாய்க்குள் (நீங்கள் நரம்பு என்று சொல்வது இதைத்தான்) கதீட்டர் என்கிற மெல்லிய குழாயை ஏற்றுவார்கள். அதன் முனையில் சுமார் 7 செ.மீ. நீளத்துக்குச் சூடாகும் கம்பிச்சுருள். ஒவ்வொரு இடத்திலும் 20 வினாடி சூடு, பிறகு கொஞ்சம் பின்னால் இழுத்து அடுத்த 20 வினாடி. ஆனால் பொத்தானை அழுத்துவதற்கு முன், ஸ்கேனில் பார்த்தபடியே ரத்தக்குழாயைச் சுற்றி நெடுக ஒரு திரவத்தை ஏற்றிவிடுவார்கள். சலைன்தான்; அதில் மரத்துப்போக லிக்னோகெயின், ரத்தக்கசிவைக் குறைக்க அட்ரினலின், ஊசி எரிச்சல் தெரியாமலிருக்க பைகார்பனேட். பெட்டியில் மீனைச் சுற்றி ஐஸ் அடைக்கிற மாதிரி, எந்தப் பக்கமும் இடைவெளி விடாமல் அடைக்க வேண்டும். இது வலியைக் கொல்கிறது, ரத்தக்குழாயைக் கம்பிச்சுருளோடு ஒட்ட அமுக்குகிறது. எல்லாவற்றையும்விட, தோலை மேலே தள்ளிவிட்டு வருகிற சூட்டைத் தானே வாங்கிக்கொள்கிறது. குளிரவைத்த சலைனைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு.

தோலுக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே குறைந்தது 1 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பது கணக்கு. சதைப்பற்றுள்ள தொடையில் இது தானாகவே கிடைத்துவிடும். உங்கள் அப்பா மாதிரி ஒல்லியானவர்களுக்கு ரத்தக்குழாய் தோலை ஒட்டியே ஓடலாம். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஸ்கேனில் எவ்வளவு ஆழத்தில் தெரிகிறது? திரவம் ஏற்றிய பிறகு ஒரு சென்டிமீட்டர் கிடைக்குமா?" கிடைக்காது என்றால் அந்தத் துண்டுக்குச் சூடே வேண்டாம். நுரை மருந்து ஊசி, பசை வைத்து அடைப்பது, சின்னக் கீறல் வழியே இழுத்து எடுப்பது என்று வேறு வழிகள் இருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே போகப்போக ரத்தக்குழாய் தோலுக்கு அருகில் வருவதோடு, உணர்வு நரம்பும் அதை ஒட்டியே ஓடுகிறது. அதனால் பல டாக்டர்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே சூட்டை நிறுத்திவிடுவார்கள். கணுக்கால் பக்கம் கறுத்திருக்கிற இடத்தில் சூடு வைக்கப் போகிறார்களா என்று கேளுங்கள். நானாக இருந்தால் அங்கே வைக்க மாட்டேன்.

சிகிச்சையின்போது அப்பா பெரும்பாலும் விழித்தே இருப்பார். சுரீர் என்று சுட்டால் அந்த நொடியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடனே நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் திரவம் ஏற்றுவார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிப் பழக்கம். இங்கே அந்த வீரம் ஆகாது என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

ஈரலில் கட்டிக்கும் மூட்டுவலிக்கும் இதே பெயரில் சிகிச்சை செய்துகொண்டவர்கள், தொடையில் ஒட்டிய பேட் சுட்டுவிட்டது என்று சொல்லக்கூடும். அந்த முறைகளில் மின்சாரம் உடம்பு வழியாகப் போய் அந்த பேட் வழியாகத் திரும்புகிறது. முடி, எண்ணெய், ஈரம் இருந்து பேட் சரியாக ஒட்டாவிட்டால், ஒட்டிய ஓரத்தில் மட்டும் சூடு குவியும். அப்பாவுக்குச் செய்வதில் கம்பிச்சுருள் மட்டுமே சூடாகிறது, பேட் கிடையாது. இருந்தாலும் காலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போக வேண்டாம். டாக்டர் காலில் குறி போட்ட மை அழிந்துவிடும்.

சரி, இனிமேல்தான் நான் அதிகம் பயப்படுகிற இடம்: வீடு. ஏற்றிய மருந்தால் தொடை பல மணி நேரம் மரத்தே கிடக்கும். "கால் இழுக்குது" என்று அவர் சொன்னதும், யாராவது உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்க வந்துவிடுவார்கள். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். ஒத்தடம், வெந்நீர்ப் பை, ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைப்பது, எதுவும் வேண்டாம். சர்க்கரை நோயில் பாதத்துக்கு உணர்ச்சி ஏற்கெனவே குறைந்திருக்கலாம். மருந்தின் மரமரப்பு போன பிறகும் அந்தப் பாதம் அப்படியேதான் இருக்கும். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதாவது நல்ல கோடை. கரையில் படகு பார்க்கப் போகிறேன் என்று வெறுங்காலோடு மதிய மணலில் இறங்க விடாதீர்கள்.

அழுத்தக் காலுறையை டாக்டர் சொன்ன நாள்வரை போட்டுக்கொள்ளட்டும். வெக்கையில் கழற்றி எறியத் தோன்றும், எனக்கும் புரிகிறது. வியர்த்தால் துவைத்து நிழலில் காயவைத்து மாட்டச் சொல்லுங்கள். சிராய்ப்பு மாதிரி நீலம் பாய்வதும், தொடைக்குள் கயிறு இழுப்பது மாதிரி இருப்பதும் ஓரிரு வாரம் இருக்கலாம், அது சாதாரணம். ரத்தக்குழாய் ஓடுகிற வழியில் கொப்புளமோ வெளுத்த திட்டோ கறுத்த திட்டோ தெரிந்தால், அன்றைக்கே படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிட்டு நேரிலும் காட்டுங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ படம் எடுத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

யாரோ ஒத்தடம் கொடுத்துச் சுட்டே விட்டது என்றால், பேஸ்ட், மை, மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்து நல்ல தண்ணீரை மெதுவாக 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். கடல் தண்ணீர் வேண்டாம். அப்புறம் சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்தி அழைத்துப் போங்கள்.